பதினோரு மணி வெயில்

தடவினோமா, தடவவில்லையா? மொட்டைமாடிக் கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையும் கக்கத்தில் பாயும் கையில் ஃபோனுமாக வெயிலுக்குள் அடியெடுத்து வைத்த கணத்தில்தான் வெண்ணிலாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வந்ததோடு நிற்காமல் முந்தானையையும் பிடித்துக்கொண்டது. துருவனைக் குளிப்பாட்டியது நினைவிருக்கிறது, துவட்டியது நினைவிருக்கிறது, அவன் துண்டை வாயில் வைத்துச் சப்பியதும் அதைப் பிடுங்கியதும்கூட நினைவிருக்கிறது. அதற்கும் மாடிப்படி ஏறியதற்கும் நடுவில் இந்தக் கை என்ன செய்தது? ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கைக்கு ஒரே பாடம்தான். குளியல் முடிந்ததும் நீல மூடி ட்யூப்பை எடு, கொண்டைக்கடலை அளவு ஒரு காலுக்கு, அதே அளவு ஒரு கைக்கு, வெள்ளையாகத் திட்டு நிற்காமல் தேய். டாக்டர் வேண்டாம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. மனசு அன்றைக்கே நிறுத்திவிட்டது. கைக்கு யார் சொல்வது? இந்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை அது மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். பிடிபடாத நாட்கள் எத்தனையோ. பாயை விரித்தாள். பிள்ளையை உட்கார வைத்தாள். தொப்பியை இழுத்து நெற்றியை மறைத்தாள். ஃபோனில் பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சாய்த்தாள். மணி பதினொன்று ஏழு. பதினோரு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மேல் என்றால் எவ்வளவு மேல் என்று கேட்கத் தோன்றவில்லை.

குனிந்து பிள்ளையின் கெண்டைக்காலை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை. சோப்புக்கு அடியில் இன்னொன்று இருக்கிறதா? அந்த சன்ஸ்க்ரீன் க்ரீமுக்கு வாசனையே கிடையாது, குழந்தைகளுக்கானது, வாசனையில்லாதது என்று அட்டையிலேயே போட்டிருப்பான். அதற்காகத்தானே விலையைப் பார்க்காமல் வாங்கினாள். விரலால் தேய்த்தாள், வழுவழுவென்றுதான் இருந்தது, பிள்ளையின் கால் வழுவழுவென்று இல்லாமல் பின்னே எப்படி இருக்கும்? துண்டின் ஓரத்தை மாடிக் குழாயில் நனைக்கப் போனாள். குழாய்த் தண்ணீர் கொதித்தது, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நனைத்து வந்து இரண்டு காலையும் இரண்டு கையையும் துடைத்தாள். அவன் கூசிச் சிரித்தான். இப்போது அடுத்த வம்பு. துடைப்பதற்கு முன்னால் போன மூன்று நிமிஷம் கணக்கில் சேருமா, சேராதா? க்ரீம் இருந்திருந்தால் சேராது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாமல் இருந்திருந்தால் பதினைந்து பதினெட்டாகும். பதினெட்டு ஆனால் என்ன ஆகும்? தோல் சிவக்குமா? இந்தப் பங்குனி வெயிலில் மாட்டுக்கும் மயக்கம் வரும் என்பார்கள். பெரியவர்கள் குடையில்லாமல் தெருவில் இறங்காத நேரத்தில், ஒன்றே முக்கால் வயசுப் பிள்ளையை ஜட்டியோடு கொண்டுவந்து காயவைக்கிறாள் ஒருத்தி. கட்டை விரலால் அவன் தொடையை அழுத்தி எடுத்தாள். வெளுத்தது, திரும்பிப் பழைய நிறத்துக்கு வந்தது. மறுபடி அழுத்தினாள். அவன் அவள் விரலைப் பிடித்து அதை ஊன்றுகோலாக்கி எழுந்து நின்றான். நின்றபோதுதான் தெரியும் அது. உட்கார்ந்திருக்கும்வரை ஊரிலுள்ள பிள்ளைகளைப் போலத்தான் இருப்பான். நின்றால் முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வெளியே விலகி, நடுவில் ஒரு பந்தை வைக்கிற அளவுக்கு இடைவெளி விழும். இவனுக்கு இரண்டு மாதம் சின்னவள், கீழ் ஃப்ளாட் குழந்தை, காரிடாரில் ஓடுகிறாள். இவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிடியை விட்டால் உட்கார்ந்துவிடுகிறான்.

ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்ததில் முழங்கை தொட்டிச் சுவரில் உரசித் தோல் பெயர்ந்தது. “மேடம், சிலிண்டர் கொண்டாந்திருக்கேன், வீட்ல ஆள் இருக்கீங்களா?” ஆள் இருக்கிறதா என்றால் என்ன சொல்வது. “வாசல்ல வச்சிட்டுப் போங்கண்ணே,” என்றாள். குரல் அழுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும், அந்த ஆள் பதிலுக்கு, “சரிம்மா, சரிம்மா, ஒண்ணும் அவசரமில்ல,” என்று ஆறுதல் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு வைத்தார். பதினொன்று பன்னிரண்டு. நேற்று சாயங்காலம் எடுத்த எக்ஸ்ரே இந்நேரம் டாக்டர் ஷாஜிதாவின் மேஜைக்கு வந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த முதல் படத்தை அந்த அம்மாள் விளக்குப் பெட்டியில் மாட்டியபோது வெண்ணிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சின்ன மணிக்கட்டு, சின்னச் சின்ன எலும்பு, அதன் நுனி மட்டும் பழந்துணியின் கிழிந்த ஓரமாட்டம் பிசிறு பிசிறாக இருந்தது. “எலும்பு கெட்டிப்படலம்மா. அதனாலதான் உடம்பு வெயிட்டுக்குக் கால் வளையுது. வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு,” என்றார் டாக்டர். பிறகு கேட்டார்: “பொறந்தப்ப சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருப்பாங்களே, கொடுத்தீங்களா?”

கொடுத்தாள். இரண்டு பாட்டில் கொடுத்தாள். மூன்றாவது பாட்டில் வாங்கவில்லை. ஏன் வாங்க வேண்டும்? அதுதான் இளவெயில் காட்டுகிறோமே என்று மாமியார் சொன்னார், அம்மா சொன்னாள், எதிர்வீட்டில் சொன்னார்கள், அவளும் சொல்லிக்கொண்டாள். தமிழ்நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? வெயிலை வடிகட்டி பாட்டிலில் அடைத்து விற்கிறான், அதையும் வாங்குவார்களா யாராவது? காலை ஆறரை மணிக்கு, சூரியன் எதிர் அபார்ட்மென்ட்டின் தலைக்கு மேல் எட்டிப் பார்த்ததும், ஒருநாள்கூடத் தவறாமல், தனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட, பிள்ளையைப் பால்கனியில் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற பயபக்தியோடு காட்டியிருக்கிறாள். இதைச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இளவெயில் இதமா இருக்கும், அவ்வளவுதான்மா. அந்தச் சாய்வெயில்ல உடம்புல வைட்டமின் உண்டாகவே உண்டாகாது. பதினொண்ணு, பன்னெண்டு மணி வெயில் கொஞ்ச நேரம் படணும். நீங்க மட்டும் இல்ல, இந்த ஊர்ல எல்லாரும் பண்ற தப்புதான் இது.” எல்லாரும் பண்ணுகிற தப்பு என்ற வார்த்தை அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நல்ல தாய் என்று பேர் வாங்குகிற ஆசை யாரை விட்டது. “க்ரீம்கூடப் போட்டுத்தான் டாக்டர் காட்டுவேன், சன்ஸ்க்ரீன், குழந்தைங்களுக்கானது,” என்று தானாகவே சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை, நிஜமாகவே புரியாமல் சிரித்தது. “நெடுநேரம் வெளியில கூட்டிட்டுப் போனா க்ரீம் போடணும், நல்லதுதான், அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஆறரை மணி வெயிலுக்கு எதுக்கும்மா க்ரீம்?”

ஆறரை மணி வெயிலுக்கு எதுக்கும்மா க்ரீம்? இரண்டு மாதமாகச் சோறு வடிக்கும்போது, தலை பின்னும்போது, ஆபீஸ் வேலைக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே பார்க்கும்போது அந்தக் கேள்வி வருகிறது. டாக்டரிடம், “தோல் எரிஞ்சிடுமோன்னு பயந்து…” என்று மழுப்பினாள். கணவன் மதிவாணனிடம், “இன்டர்நெட்ல அப்படித்தான் போட்டிருந்தான்,” என்றாள். எந்த இன்டர்நெட்டில்? அவளுக்குத் தெரியாதா என்ன. துருவன் பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியதும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, “அப்பா கலரு. தப்பிச்சான்டி.” அறையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான், தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். யாரிடமிருந்து தப்பித்தான் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில், வெண்ணிலா என்று வாத்தியார் பேர் வாசித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ‘அமாவாசை’ என்று ஒரு குரல் வரும், அதற்கும் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தால் பாதி வலி குறையும் என்று அப்போதே கற்றுக்கொண்டாள். குறைவது பாதிதான். பிள்ளைக்கு நாலு மாதம் ஆனபோது ஒரு சொந்தக்காரப் பெரியம்மா வந்து, கொஞ்சுகிற சாக்கில் காதை மடித்துப் பார்த்தார். “காது மடல் கறுப்பா இருக்கே. இப்ப இருக்கறது பால் கலரு, போகப்போக அம்மா கலர்லதான் நிப்பான்.” சொல்லிவிட்டு அந்த அம்மாள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மத்தியானமே நீல மூடி ட்யூப்புக்கு ஆர்டர் போட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எந்தக் காக்கையும் குஞ்சுக்கு வெள்ளையடித்து வளர்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இவள் வளர்த்தாள். டாக்டர் இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார், இவளுக்கும் வைட்டமின் டி அதலபாதாளத்தில்தான் இருந்தது. பதினைந்து வயசிலிருந்து குடை, துப்பட்டா, ஸ்கூட்டி ஓட்டும்போது முழங்கை வரை உறை. தன்னிடம் இல்லாததைப் பாலில் எப்படிக் கொடுப்பாள்.

“என்ன வெண்ணிலா, பட்டப்பகல்ல புள்ளைய வறுத்து எடுக்குற?” துணி உலர்த்த வந்த ஜெயசீலி டீச்சர். பக்கத்து ஃப்ளாட், ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது, இன்னும் யாரைப் பார்த்தாலும் லீவ் லெட்டர் கேட்கிற பார்வை. “டாக்டர் சொன்னாங்க டீச்சர், பதினைஞ்சு நிமிஷம்.” “எந்த டாக்டரு? இந்த வெயில்ல கறுத்துக் கரிக்கட்டையாப் போயிடுவான்மா. இப்பவே பாரு, கழுத்துல கோடு விழுந்திருக்கு. காலையில காட்டேன்.” ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தாள். கண் அதற்குள் பிள்ளையின் கழுத்துக்குப் போய்விட்டது. விழுந்துதான் இருந்தது. இரண்டு மாதத்தில் முழங்கை, புறங்கால், கழுத்து எல்லாம் ஒரு மாற்று இறங்கியிருந்தது. கை தானாக நிழலை நோக்கிப் பாயை இழுக்கப் பார்த்தது. பிள்ளைக்குக் கால் வளைந்து கிடக்கிறது, இவள் கை கழுத்துக் கோட்டுக்கு நிழல் தேடுகிறது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. மூன்றைக் கழித்தால் ஆறு. கழிக்காவிட்டால் ஒன்பது. டீச்சர் துணிக்கு க்ளிப் போட்டுக்கொண்டே எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மதிவாணன் ஒரு தடவை கூப்பிட்டான். “வந்துச்சா?” “நீங்க இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா எப்படிங்க வரும்? லைன் பிஸியா இருக்கும்ல, வைங்க!” வைத்துவிட்டான். பாவம், துவாக்குடி ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வெளியே வந்து பேசியிருப்பான். அவன்மேல் எரிந்து விழுந்ததற்குக் காரணம் இருந்தது. அவனுக்குத் தெரியாத காரணம்.

வேதாசலம் சித்தப்பா. மதிவாணனின் அப்பாவுக்குத் தம்பி, செத்துப் பத்து வருஷம் ஆகிறது, வெண்ணிலா பார்த்ததே இல்லை. கல்யாண ஆல்பத்துக்கு முந்தின ஏதோ ஒரு குடும்பப் போட்டோவில், வரிசையின் ஓரத்தில், எல்லாருக்கும் தோளளவு உயரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு காலும் வில்லாட்டம். முதல் எக்ஸ்ரே பார்த்த அன்றைக்கு டாக்டர் சொன்னார்: “மருந்து கொடுப்போம், வெயிலும் கொஞ்சம் காட்டுங்க, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே. எலும்பு ஆற ஆரம்பிச்சிருந்தா இது வெறும் குறைபாடு, காலும் நிமிர்ந்துடும். ஆறலைன்னா வேற வகை. பரம்பரையா வர்றது. வாழ்நாள் முழுக்க மருந்து, ஆபரேஷன்னு இழுக்கும். உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது கால் வளைஞ்சு, குள்ளமா?” இவர்கள் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் போட்டோ ஞாபகம் வந்து, பீரோவைக் குடைந்து எடுத்தாள். எடுத்ததை யாருக்கும் காட்டவில்லை. தினமும் பார்த்தாள். பூஜை அறைக்குப் போகிறாளோ இல்லையோ, மதிவாணன் கிளம்பியதும் பீரோவுக்குப் போனாள். என்னவோ ஆராய்ச்சி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காகக் கவலைப்படுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ ஒன்று தளர்ந்ததே, மூச்சு சீராக வந்ததே, அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை யோசித்ததில்லை. இப்போது, உச்சிமண்டை கொதிக்க, ஒரு கையை மறுகை பிடித்திருக்க, சட்டென்று தெரிந்தது. நிம்மதி. அது நிம்மதி. அவர் காலும் இவன் காலும் ஒன்றாக இருந்தால் இது அவர்கள் வீட்டு ரத்தம். அப்புறம் ஆறரை மணி க்ரீமை யாரும் கேட்க மாட்டார்கள். மாமியார் தலை குனிவார். இவள் தப்பிப்பாள். இரண்டு மாதமாக, பெற்ற பிள்ளைக்குத் தீராத வியாதியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பேயும் பிள்ளைக்கு இரங்குமாம்.

ஐயோ, கேட்டிருக்குமோ? எந்தச் சாமி, எந்தத் தேவதை, போகிற போக்கில் ‘ததாஸ்து, அப்படியே ஆகட்டும்’ சொல்லிவிட்டுப் போயிருக்குமோ? இல்லை, நான் அப்படிக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தெரியாமல் கேட்டது, செல்லாது. என் தப்பாகவே இருக்கட்டும். முழுக்க முழுக்க என் தப்பாக இருக்கட்டும். மூன்றாவது பாட்டில் வாங்காதது நான், க்ரீம் தடவியது நான், தடவிய காரணமும் நான்தான், நல்லெண்ணத்தில் செய்ததுகூட இல்லை. மாமியார் என்னை வாசலில் நிறுத்திக் கேட்கட்டும், ஊர் கேட்கட்டும், இவன் வளர்ந்து பெரியவனாகி ஏன்மா அப்படிச் செஞ்சே என்று கேட்கட்டும், கேட்கிற அளவுக்கு நிமிர்ந்த காலோடு வந்து எதிரில் நின்று கேட்கட்டும். துருவன் பாயின் ஓரத்துக்குத் தவழ்ந்துபோய்ச் சுடுகிற தரையில் கை வைத்துவிட்டு அலறினான். அள்ளி எடுத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. ஊதினாள். ஊதிக்கொண்டே, என் தப்பு, என் தப்பு என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். தரையில் சுட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்து ஜெயசீலி டீச்சர், “அழாத, எல்லாப் புள்ளையும் சுட்டுக்கறதுதான்,” என்றார். ஃபோன் அடித்தது.

“வெண்ணிலாவா? ஷாஜிதா பேசறேன்.” ம் என்றாள். “படம் பார்த்தேன்மா. நல்லா இருக்கு. எலும்பு நுனியில புதுசா வெள்ளைக் கோடு விழுந்திருக்கு, ஆற ஆரம்பிச்சிடுச்சு. நாம பயந்த பரம்பரை வகை இல்ல. மருந்தை நிறுத்தாதீங்க, காலும் மெதுவா நிமிர்ந்துடும்.” தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டர்… அப்ப, இது வெறும் குறைபாடுதானே?” “ஆமாம்மா.” “அப்ப என்னாலதானே?” “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? உங்களுக்குத் தெரியல, எல்லாரும் பண்றதுதான்…” “இல்ல டாக்டர், சொல்லுங்க ப்ளீஸ். வேற ஒண்ணும் இல்ல, என்னாலதான். அப்படித்தானே?” “சரி, அப்படின்னே வச்சுக்கங்களேன்,” என்றார் டாக்டர், இப்படி ஒரு வரத்தை யாரும் கேட்டுப் பழக்கமில்லாத குரலில்.

அவசரத்தில் மதிவாணனின் எண்ணுக்குப் பதில் வேறு எதையோ தொட்டு, வெட்டி, மறுபடி தொட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். “என்னாச்சு நிலா?” “என் தப்புதாங்க!” என்று கத்தினாள். கொடியருகே டீச்சர் திரும்பிப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் முகம் அப்படி இருந்து டீச்சர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். “பையனுக்கு ஒண்ணும் இல்லைங்க, எலும்பு ஆறுது, நடந்துடுவான். உங்க வீட்டு ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் நான் பண்ணதுதான்!” “என்னடி சொல்ற? நீ என்ன பண்ண?” பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். “க்ரீம். அவன் என்னை மாதிரி கறுப்பா ஆயிடக்கூடாதுன்னுதான் போட்டேன். எரியும்னு சொன்னதெல்லாம் பொய்.” பிள்ளை அவள் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு, ஃபோனைப் பிடுங்கப் பார்த்தான். ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள். “ஏங்க, இருக்கீங்களா? திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, நான் கேட்டுக்கறேன்.” சொல்லிவிட்டு, திட்டு வாங்க வசதியாகப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.